அணுவுலைக்கு அனுமதி: கூடங்குளம் கடந்த வழியும் தென்பெண்ணைக் கரையின் கேள்விகளும்

கூடங்குளத்தின் முதல் அணுவுலைக்கு அடித்தளக் கான்கிரீட் ஊற்றப்பட்ட நாள் 2002 மார்ச் 31. அந்த உலைக்கான சுற்றுச்சூழல் அனுமதி வந்தது 1989 மே மாதம். இடையில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. 1988 நவம்பர் 20 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இந்த நிலையத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்; அந்தச் சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்துபோனது. எரிந்து முடிந்த எரிபொருளைச் சோவியத் நாடே திரும்ப எடுத்துச் செல்லும் என்பது முதல் ஏற்பாடு. 1998 ஜூனில் ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் போட்டபோது, அது இந்தியாவிலேயே இருக்கும் என்று மாறியது. நிலையத்துக்கு வேண்டிய நன்னீர் பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு அதைக் கைவிட்டு, கடல்நீரை நன்னீராக்கும் ஆலையைக் கட்டினார்கள். நாட்டின் சட்டமும் மாறியிருந்தது. 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. 1997இல் மக்கள் கருத்துக்கேட்பும் அதில் சேர்ந்தது. ஆனாலும் 2001இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 1989ஆம் ஆண்டின் அனுமதியே செல்லும் என்று சொல்லிவிட்டது. எரிபொருளின் கதியும் தண்ணீரின் வழியும் மாறிய ஒரு திட்டம், பழைய தாளின் பேரிலேயே, ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம்கூட இல்லாமல் எழுந்தது.

ஓர் அணுமின் நிலையத்துக்கு அரசு எப்படி அனுமதி கொடுக்கிறது என்பதை நான் புரிந்துகொள்ளத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி வாதம். அதை இங்கே நடத்தப்போவதில்லை. அனுமதி என்பது யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்தெந்த இடத்தில் நின்று போகிறது, அந்த இடங்களில் பக்கத்தில் வாழும் மனிதர் எங்கே நிற்கிறார் என்பதே என் கேள்வி. இந்தியாவில் பொறியியல் சோதனைகளின் வரிசை நீளமானது, கவனமாகக் கட்டப்பட்டது. மக்களுக்கான வாசலோ ஒன்றே ஒன்று. அந்த வாசலும் அவர்கள் அஞ்சும் விஷயம் தீர்மானமாகாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இதுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

கூடங்குளத்துக்கு வெகுதொலைவில், கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டிலிருந்து இதை ஏன் எழுதவேண்டும்? இது கரும்பு ஊர். கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிற்பது இங்கேதான். ஓரத்தில் தென்பெண்ணை, ஆற்றின் மேலே சாத்தனூர் அணை. கடலோ கல்பாக்கமோ கண்ணுக்கு எட்டும் தொலைவில் இல்லை. இங்கே அணுவுலை கட்ட எந்தத் திட்டமும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அணுவுலை என்றால் கடற்கரை என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தலாம், நாடு முழுவதற்கும் பொருந்தாது. ராஜஸ்தானின் ராவத்பாட்டா ராணா பிரதாப் சாகர் நீர்த்தேக்கக் கரையில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் நரோரா கங்கைக் கரையில், கர்நாடகத்தின் கைகா காளி ஆற்றங்கரையில். ஹரியானாவின் கோரக்பூரில் எழும் நிலையம் பக்ரா கால்வாய்த் தண்ணீரை நம்பியது. 2024 டிசம்பர் 31 அன்று இந்திய அணுமின் கழகம் 220 மெகாவாட் சிறிய உலைகளைத் தனியார் தொழிற்சாலைகளின் சொந்தத் தேவைக்காகக் கட்ட முன்வருமாறு அழைப்பு விடுத்தது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் சிறிய உலைகளின் ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2047க்குள் அணுமின்திறனை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அந்த அளவுக்குக் கட்டவேண்டுமானால் ஆற்றங்கரைகளும் கணக்கில் வரும். கேள்வி நம் ஊரைத் தேடி வந்த பிறகு பாடம் படிக்க நேரம் இருக்காது.

சர்க்கரை ஆலையிலிருந்தே தொடங்கலாம். இந்த ஆலை ஓட வேண்டுமானால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் அதைக் கேட்கின்றன: கட்டுவதற்கு ஓர் இசைவு, இயக்குவதற்கு இன்னோர் இசைவு. கூடங்குளமும் அதே வாரியத்திடம், அதே இரண்டு சட்டங்களின்கீழ் இசைவு வாங்கித்தான் ஆகவேண்டும். கழிவுநீர் எவ்வளவு சூடாகக் கடலில் விழலாம் என்பதையெல்லாம் அந்த வாரியம் பார்க்கும். கதிர்வீச்சைப் பார்க்காது, ஏனென்றால் அது மத்திய அரசின் பொறுப்பு. அதற்குரிய சட்டமாக அண்மைக்காலம் வரை இருந்தது 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம். அதன் 27ஆம் பிரிவைக் கொண்டு 1983 நவம்பர் 15 அன்று ஒரு நிர்வாக ஆணையால் உருவாக்கப்பட்டதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்.

அந்த வாரியம் ஒரே நாளில் சரி என்றோ முடியாது என்றோ சொல்வதில்லை. முதலில் இடத்துக்கு இசைவு. நிலநடுக்கம், வெள்ளம், சுனாமி, மண்ணின் தாங்குதிறன், சுற்றிலும் எத்தனை பேர் வாழ்கிறார்கள், ஆபத்து வந்தால் எந்தச் சாலையில் வெளியேறுவார்கள் என்று பார்ப்பார்கள். ஆற்றங்கரை இடமானால் மேலே இருக்கும் அணை உடைந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்ற கணக்கும் இதில் அடங்கும். 1990ஆம் ஆண்டு விதிகளின்படி உலையைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது; ஐந்து கிலோமீட்டர் வரை புதிய வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு; பதினாறு கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் இருக்கவேண்டும். 2014இல் விதிகளைத் திருத்தியபோது முதல் வளையத்தின் குறைந்தபட்ச அளவு ஒரு கிலோமீட்டரானது.

இடம் தேறினால் கட்டுமான இசைவு. அதுவும் துண்டு துண்டாகத்தான் வரும். முதற்கட்டப் பாதுகாப்பு ஆய்வறிக்கையைப் படித்துப் பார்த்த பின் முதல் கான்கிரீட்; பிறகு பெரிய கருவிகளைப் பொருத்துவது. அடுத்தது இயக்கத் தொடங்கும் கட்டம். எரிபொருள் இல்லாமல் குழாய்களையும் பம்புகளையும் சூடேற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு எரிபொருள் நிரப்பத் தனி இசைவு. தொடர்வினையைத் தொடங்கத் தனி இசைவு. அதன்பின் திறனைப் படிப்படியாக உயர்த்த ஒவ்வொரு படிக்கும் இசைவு. எல்லாம் முடிந்த பிறகே இயக்க உரிமம், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கூடங்குளம் முதல் உலைக்கு 2015இல் கிடைத்த உரிமம் ஐந்தாண்டுக்கானது. பத்தாண்டுக்கு ஒருமுறை முழு மறுஆய்வும் உண்டு. ஒவ்வொரு படியிலும் வல்லுநர் குழு பார்க்கும், அதற்கு மேலே ஓர் ஆலோசனைக் குழு பார்க்கும், கடைசியில் வாரியம் பார்க்கும்.

இந்த நிறுத்தங்கள் வெறும் சடங்கல்ல. கைகாவில் 1994 மே மாதம், கட்டிக்கொண்டிருந்த உலையின் உள்கூட்டுக் குவிமாடத்திலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. வடிவமைப்பைத் திருத்தி மறுபடி கட்டிய பிறகுதான் வேலை நகர்ந்தது. கூடங்குளத்தில் 2013 ஏப்ரலில், சோதனை ஓட்டத்தின்போது உலையின் பாதுகாப்பு அமைப்பிலுள்ள நான்கு வால்வுகள் எதிர்பார்த்தபடி இயங்கவில்லை என்று வாரியமே அறிவித்தது. பாகங்களை மாற்றி மீண்டும் சோதிக்கச் சொன்னது. 2013 ஜூலை 13 அன்று தொடர்வினை தொடங்கிய முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31 அன்றுதான். இப்படி நின்று நின்று போவதை வீண் தாமதம் என்று எரிச்சலோடு பேசுபவர்கள் அந்த நான்கு வால்வுகளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இத்தனை படிகளில் மக்கள் எங்கே வருகிறார்கள்? ஒழுங்குமுறை வாரியத்தின் எந்தப் படியிலும் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி அணுமின் திட்டத்துக்கு மத்திய அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். அதை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி. முப்பது நாள் முன்னறிவிப்பு, மைக், வீடியோப் பதிவு. பேசியதெல்லாம் பதிவாகி டெல்லிக்குப் போகும். மேடையில் இருக்கும் அந்த வாரியத்துக்குக் கதிர்வீச்சில் அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள வாரியத்துக்கோ அந்த மேடையில் உட்காரும் கடமை இல்லை. குழந்தைக்குத் தைராய்டு வருமா என்று ஒரு தாய் கேட்டால், பதில் சொல்லப் பொறுப்புள்ளவர் அந்த அறையில் இருந்தே ஆகவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கூடங்குளத்தின் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்கான கூட்டம் 2007 ஜூன் 2 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2008 செப்டம்பரில் அனுமதி வந்தது. முதல் இரண்டு உலைகளுக்கு அப்படி ஒரு கூட்டம்கூட இல்லை என்பதை முன்பே சொன்னேன். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர்கள் திரண்ட பேரணி போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. அதே மாதம்தான் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. கேட்கப்படாமலே விடப்பட்ட பேச்சு இருபத்திரண்டு ஆண்டு கழித்து, ஜப்பானின் ஃபுகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பிறகு, 2011 ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முற்றத்தில் உண்ணாவிரதமாக வெடித்தது. அதை வெளிநாட்டுச் சதி என்று பேசியவர்கள் இந்தக் கால வரிசையைப் பார்க்கவில்லை.

அதன்பின் நடந்தவை சட்டப் புத்தகத்தில் எழுதாத இன்னோர் அனுமதியைக் காட்டின. 2011 செப்டம்பர் 22 அன்று தமிழக அமைச்சரவை, மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்திவைக்கும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அணுசக்தியில் மாநிலத்துக்கு உரிமம் தரும் அதிகாரம் கிடையாது. ஆனால் நிலம், சாலை, போலீஸ், வெளியேற்றத் திட்டம் எல்லாம் மாநிலத்தின் கையில். எனவே மாநிலம் ஒத்துக்கொள்ளாமல் உலை ஓடாது. மேற்கு வங்கம் அதே 2011இல் ஹரிப்பூர் திட்டத்தை வேண்டாமென்று சொல்லி நிறுத்தியேவிட்டது. தமிழ்நாட்டில் மத்திய அரசு முத்துநாயகம் தலைமையில் ஒரு குழு அமைத்தது, மாநில அரசு இனியன் தலைமையில் இன்னொன்று அமைத்தது. 2012 மார்ச் 19 அன்று மாநில அரசு பச்சைக்கொடி காட்டியது. ஆகஸ்ட் 10 அன்று எரிபொருள் நிரப்ப ஒழுங்குமுறை வாரியம் இசைவு கொடுத்தது. செப்டம்பர் 10 அன்று இடிந்தகரைக் கடற்கரையில் கூடியவர்கள்மீது போலீஸ் தடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. மணப்பாட்டில் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது வழக்கு, அவற்றில் தேசத்துரோக வழக்குகளும் உண்டு. பொறியியல் இசைவுகள் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில் இது நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கூடங்குளத்தின் அனுமதி வரலாற்றை எழுத முடியாது.

பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் கோ. சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில், 2012 ஆகஸ்ட் 31 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணனும் தீபக் மிஸ்ராவும் அதை உறுதிசெய்து, கூடவே பதினைந்து நிபந்தனைகள் விதித்தார்கள். நிலையம் இயங்கும் முன் ஒழுங்குமுறை வாரியம், அணுமின் கழகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளிட்டவை எல்லாம் திருப்திகரம் என்று நீதிமன்றத்தில் அறிக்கை தரவேண்டும். எரிந்து முடிந்த எரிபொருளுக்கு நிலையான இடம் காணவேண்டும். போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தன. நீதிமன்றம் கதிர்வீச்சுக் கணக்கைப் போட முடியாது. ஆனால் எந்தத் துறை எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக் காட்டியது. சட்டம் செய்திருக்கவேண்டிய வேலை அது.

தீர்ப்பு வந்தபோதும் மக்கள் கையில் இல்லாத ஓர் ஆவணம் இருந்தது: பாதுகாப்பு ஆய்வறிக்கை. உலைக்கு என்ன நேரக்கூடும், நேர்ந்தால் எது அதைத் தடுக்கும் என்று நிறுவனம் வாரியத்திடம் எழுதிக்கொடுக்கும் தொகுப்பு அது. உரிமம் நிற்பதே அதன்மேல்தான். தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைக்கவில்லை. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் அதையும் இட ஆய்வறிக்கையையும் கொடுக்கச் சொன்னது. அணுமின் கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அமெரிக்காவில் ஒரு நிலையம் விண்ணப்பித்தால் இதே வகை அறிக்கையின் பெரும்பகுதி ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது ஆவணத் தொகுப்பில் ஏறிவிடும். பாதுகாப்பு ரகசியமானவற்றை மட்டும் மறைப்பார்கள். எதை மறைப்பது, எதைத் திறப்பது என்று அங்கே வரி வரியாகப் பிரிக்கிறார்கள். இங்கே முழுக் கட்டையும் பூட்டிவைத்தார்கள்.

பூட்டின் சாவி யாரிடம் என்பதிலும் சிக்கல். ஒழுங்குமுறை வாரியம் அன்று பதில் சொல்லவேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். அந்தத் துறையின்கீழ் இருப்பதுதான் உலை கட்டும் அணுமின் கழகம். அமெரிக்கா இந்தப் பிணைப்பை 1974இல் சட்டம் போட்டு அறுத்தது: அணுசக்தியை வளர்க்கும் வேலையையும் கட்டுப்படுத்தும் வேலையையும் பிரித்து, 1975 ஜனவரியிலிருந்து தனி ஒழுங்குமுறை ஆணையம் நடக்கிறது. ஜப்பான் அறுக்காமல் விட்டுவைத்தது. அங்கே கண்காணிப்பு அமைப்பு, அணுசக்தியை ஊக்குவிக்கும் தொழில்துறை அமைச்சகத்தின்கீழேயே இருந்தது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, 2012 செப்டம்பரில்தான் தனி ஆணையம் வந்தது.

இந்தியாவில் எச்சரித்தவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், துறையின் நிலையங்களில் சுமார் 130 பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்ட அறிக்கையைத் தயாரிக்கச் செய்தார். பதவிக்காலம் முடிந்த பிறகும் வாரியத்துக்குச் சுதந்திரம் வேண்டுமென்று எழுதிக்கொண்டே இருந்தார். 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை இன்னும் கூர்மையானது. வாரியத்துக்குச் சட்டப்படியான தனி நிலை இருக்கவில்லை. 1983 ஆணை சொன்ன கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கொள்கையை அது உருவாக்கவே இல்லை. விதியை மீறினால் அப்போது போடக்கூடிய அபராதம் வெறும் 500 ரூபாய். முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 2013 டிசம்பரில் அதை வழிமொழிந்தது. 2011இல் கொண்டுவந்த தனி ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2014இல் மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது. 2015 மார்ச்சில் வந்து பார்த்த சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவும் வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதச் சொன்னது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஷாந்தி என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டுச் சட்டமும், விபத்து இழப்பீட்டுக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டமும் போய்விட்டன. தனியார் நிறுவனங்களும் உலை கட்டி நடத்த விண்ணப்பிக்கலாம். உரிமம் மத்திய அரசிடமிருந்து. பாதுகாப்புக்கான ஒப்புதல் ஒழுங்குமுறை வாரியத்திடமிருந்து. வாரியத்துக்கு முதல்முறையாகச் சட்டப்படியான நிலை கிடைத்திருக்கிறது. நாற்பதாண்டுக் கோரிக்கை இது, வரவேற்கிறேன். ஆனால் வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் பரிந்துரைக்கும் தேர்வுக்குழுவை அமைப்பது பழைய அணுசக்தி ஆணையமேதான். பழுதான கருவியை விற்ற நிறுவனத்திடம் இழப்பீட்டைத் திரும்பக் கேட்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை நீங்கிவிட்டது. போபால் நச்சுவாயு விபத்தை நினைவில் வைத்து எழுதப்பட்ட பிரிவு அது. அதை எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். தகவல்களைக் கட்டுப்படுத்தப்பட்டவை என்று அறிவிக்க அரசுக்குப் பரந்த அதிகாரமும் உண்டு. தனியார் முதலாளி உலை நடத்தப்போகும் காலத்தில், அந்தப் பாதுகாப்பு அறிக்கை இன்னும் அதிகமாகத் திறந்திருக்கவேண்டாமா?

அனுமதியில் உள்ளூருக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதற்கு உலகில் இரண்டு முனைகள் இருக்கின்றன. ஒன்று பின்லாந்து. அங்கே 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, புது அணுவுலை வேண்டுமென்றால் முதலில் அரசு கொள்கை முடிவெடுக்கவேண்டும், அதை நாடாளுமன்றம் ஏற்கவேண்டும். அந்த முடிவுக்கு முன்பே, உலை வரவிருக்கும் ஊரின் நகராட்சி மன்றம் சம்மதிக்கவேண்டும். மன்றம் மறுத்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. ஓல்கிலுவோட்டோ மூன்றாம் உலைக்கு யூராயோக்கி நகராட்சி சம்மதித்தது. 2002இல் கொள்கை முடிவு, 2005இல் கட்டுமான உரிமம், 2019இல் இயக்க உரிமம், 2023 ஏப்ரலில் முழு உற்பத்தி. காலம் நீண்டதற்குக் காரணம் கட்டுமானச் சிக்கல்கள், ஊரார் மறுப்பல்ல. அந்த நகராட்சிக்கு நிலையத்தின் சொத்துவரி பெரிய வருமானம், அதனால்தான் சம்மதிக்கிறது என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். பேரம் பேசும் இடத்தில் ஊர் இருக்கிறது.

இன்னொரு முனை, ஊரைக் கடைசியில் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஷோரம் நிலையத்தைக் கட்டி முடித்தார்கள். அமெரிக்காவின் பழைய முறையில் கட்டுவதற்கு ஓர் அனுமதி, ஓட்டுவதற்கு இன்னோர் உரிமம். 1979இல் த்ரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்தபின் அவசரகாலத் திட்டம் கட்டாயமானது. தீவிலிருந்து மக்களை வெளியேற்ற வழியே இல்லை என்று 1983இல் சஃபோக் மாவட்ட மன்றம் அறிவித்து, திட்டத்தில் பங்கெடுக்க மறுத்தது. 1989இல் முழுத் திறனுக்கு உரிமம் கிடைத்தும் நிலையம் வணிகத்துக்கு ஓடவே இல்லை. மாநிலம் வாங்கி மூடியது. சுமார் 600 கோடி டாலர் செலவு. அதன் சுமையை மின்கட்டணத்தில் பல ஆண்டுகள் சுமந்தது அதே மக்கள்தான். அதே 1989இல் அமெரிக்க ஆணையம் கட்டவும் ஓட்டவும் சேர்த்து ஒரே உரிமம் தரும் வழியைத் திறந்தது. கேள்விகளை எல்லாம் கான்கிரீட்டுக்கு முன்பே கேட்டு முடித்துவிடலாம் என்பது எண்ணம். ஜார்ஜியாவின் வோக்டில் மூன்றாம் நான்காம் உலைகள் 2012இல் அப்படி உரிமம் பெற்று 2023இலும் 2024இலும் ஓடத் தொடங்கின. தாமதமும் கூடுதல் செலவும் அங்கேயும் தீரவில்லை என்றாலும், முன்கூட்டிக் கேட்பது என்ற தத்துவம் சரி.

நம் பக்கத்தில் மறுபடி தண்ணீருக்கு வருகிறேன். 1994 ஜூனில் குஜராத்தின் கக்ராபார் நிலையத்தில் பெருமழை பெய்தபோது அருகிலிருந்த ஏரி நிறைந்து, வெள்ளம் டர்பைன் கட்டடத்துக்குள் புகுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் அறையில் கடல்நீர் ஏறியது. இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். இரண்டு மாதத்துக்கு முன் பணி தொடங்கிய வேக ஈனுலையின் அடித்தளக் குழி மூழ்கியது. இட ஆய்வில் வெள்ளத்துக்கு ஏன் அவ்வளவு பக்கங்கள் ஒதுக்குகிறார்கள் என்பதற்கு இவையே காரணம்.

தென்பெண்ணைக் கரைக்கும் அப்படி ஓர் இரவு உண்டு. 2024 டிசம்பர் 1, 2 தேதிகளில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, ஒரு கட்டத்தில் வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களும் வயல்களும் மூழ்கின. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூறின. ஐந்து முறை எச்சரித்தோம் என்று அரசு சொன்னது. எச்சரிக்கை அனுப்பியதற்கு ஆவணம் இருக்கலாம். அது நள்ளிரவில் எந்த வீட்டை எட்டியது என்பதுதான் கரையில் இருப்பவரின் கேள்வி.

அணுவுலை அனுமதியில் அந்தக் கேள்விக்குச் சமமான இடம் அவசரகாலத் திட்டம். வேலிக்கு உள்ளே நடப்பதற்கு நிலையம் பொறுப்பு, வேலிக்கு வெளியே மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. எரிபொருள் நிரப்பும் முன் வெளியேற்றப் பயிற்சி நடத்திக் காட்டவேண்டும் என்பது விதி. கூடங்குளத்தில் 2012 ஜூனில் நக்கநேரி என்ற ஒரு கிராமத்தில் அதை நடத்தினார்கள். பதினாறு கிலோமீட்டர் வட்டத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்க, ஒரே ஊரில் நடந்த பயிற்சி விதியின் தேவையை நிறைவு செய்தது. ஷோரத்தை மூடவைத்த அதே கேள்வி, இங்கே ஒரு நாள் நிகழ்ச்சியாக முடிந்தது.

புதிய சட்டத்துக்கு எழுதப்படும் விதிகளில்தான் இதைச் சரிசெய்ய முடியும். இட இசைவு, எரிபொருள் நிரப்பும் இசைவு, உரிமப் புதுப்பிப்பு ஆகிய மூன்று படிகளிலாவது ஒழுங்குமுறை வாரியமே ஊருக்கு வந்து, தமிழிலோ அந்த ஊரின் மொழியிலோ பாதுகாப்பு அறிக்கையின் சுருக்கத்தை முன்வைத்து, கேள்விக்கு எழுத்தில் பதில் தரவேண்டும். மறைக்கவேண்டிய பக்கங்கள் எவை, ஏன் என்பதை வாரியம் குறித்துச் சொல்லவேண்டும். எரிபொருளின் கதியோ தண்ணீரின் மூலமோ மாறினால் பழைய சுற்றுச்சூழல் அனுமதி தானாகவே காலாவதியாகவேண்டும். கூடங்குளத்தில் எரிந்து முடிந்த எரிபொருளை வைக்கும் கிடங்குக்கு 2019 ஜூலை 10 அன்று அறிவித்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டதும், அந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே அனுப்பக் கேட்டு 2022 பிப்ரவரியில் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்ததும், 1998இல் கேட்காமல் விட்ட கேள்வியின் தொடர்ச்சிதான்.

அவசரகாலத் திட்டத்தில் மாவட்ட ஆட்சியர் கையெழுத்துப் போடும் முன், வட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு ஊராட்சியும் அதைக் கிராமசபையில் படித்து, ஒத்திகை பார்த்து, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு வரும் என்று எழுதித் தரவேண்டும். மழைக்காலத்தில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும் என்பது மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வண்டி ஓட்டுபவருக்குத் தெரியும். அது உரிம விண்ணப்பத்தின் பக்கங்களில் இடம்பெறவேண்டிய தகவல். அந்தப் பக்கங்கள் நிரம்பாத விண்ணப்பத்தை வாரியம் திருப்பி அனுப்பவேண்டும்.